சிறிய பாய்மரப் படகில் எரிபொருளைக் கணக்கிடுவது எப்படி?

பாய்மரப் படகின் எரிபொருள் தேவையைத் தூரத்தைக் கொண்டு கணக்கிடாமல், எஞ்சின் ஓடும் மணிநேரத்தைக் கொண்டு கணக்கிடுவதே சரி. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவை அப்படியே நம்ப வேண்டாம். டேங்கை விளிம்புவரை நிரப்பி, வழக்கமான வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, மீண்டும் அதே விளிம்புவரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து இரண்டால் வகுத்தால், உங்கள் படகின் உண்மையான செலவு கிடைத்துவிடும்.

அது மணிக்கு 1.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 கடல் மைல் தூரத்தை 4 நாட் (அதாவது மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் கடக்க 5 மணி நேரமும் 6 லிட்டரும் போதும். ஆனால் 1 நாட் எதிர்நீரோட்டம் இருந்தால் அதே தூரத்துக்கு 6 மணி 40 நிமிடமும் 8 லிட்டரும் ஆகும். இந்த மோசமான கணக்கையே அடிப்படையாகக் கொண்டு, அதில் பாதியை மேலும் சேர்த்து 12 லிட்டர் எடுத்துச் சென்றால், கரை சேரும்போது மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்.

டேங்கின் அடியில் கிடக்கும் கடைசி லிட்டர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. படகு ஆடும்போது உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்துவிட்டால் டீசல் எஞ்சின் நின்றுவிடும், அலையின் நடுவே காற்றை வெளியேற்றி மறுபடி கிளப்புவது லேசான வேலையல்ல. முள் காட்டும் மானியைவிட, அளவுக்கோடு போட்ட மரக்குச்சியையே நான் நம்புவேன்.

கூடுதல் கேன்களைக் கழுத்துவரை நிரப்பாமல், வெப்பத்தில் விரிவடையச் சிறிது இடம் விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். ஆகவே பெட்ரோல் கேனை அறைக்குள் வைக்காமல், காற்றோட்டமுள்ள மேல்தளத்தில் இறுகக் கட்டி வைக்கவும்.