ஸ்வீடிஷ் பெயர்த்தொடரைப் படிப்படியாகக் கட்டுவது எப்படி?

வயதுவந்த பிறகு ஸ்வீடிஷ் கற்பவர்கள் அன்றாட உரையாடலில் ஓரளவு தேறிய பின்னும் பெயர்த்தொடரில் (பெயர்ச்சொல்லும் அதனோடு சேரும் பெயரடை முதலியனவும் அமைந்த தொடர்) நெடுங்காலம் தடுமாறுவதுண்டு. பால், எண், குறித்த பொருளா குறிக்காத பொருளா என்ற நிலை ஆகிய மூன்றும் ஒரே தொடரின் பல சொற்களில் ஒருங்கே இயைய வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஆகவே ‘ஹூஸ்’ (வீடு) என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு அதைச் சிறிது சிறிதாக வளர்ப்போம்.

படி 1: பெயரை அதன் பாலைக் காட்டும் முன்சொல்லோடு (‘ஒரு’ எனப் பொருள்படும் ‘என்’ அல்லது ‘எட்’) சேர்த்தே மனனம் செய்யுங்கள்: ‘எட் ஹூஸ்’, ‘என் பீல்’ (ஒரு கார்). பெயர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ‘என்’ வகையைச் சேர்ந்தவை என்பதால், தெரியாத இடத்தில் ‘என்’ போட்டுத் தப்பிக்கும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இடங்கொடுக்க வேண்டாம்.

படி 2: குறித்த வீட்டைச் சொல்ல விகுதி சேருங்கள்: ‘ஹூசெட்’, ‘பீலென்’. உருபுகளைச் சொல்லின் இறுதியில் ஏற்றிப் பழகிய நமக்கு இது கடினமன்று.

படி 3: பெயரடையைச் சேருங்கள்: ‘எட் ஸ்டூர்ட் ஹூஸ்’ (ஒரு பெரிய வீடு), ‘என் ஸ்டூர் பீல்’, பன்மையில் ‘ஸ்டூரா பீலார்’. தமிழில் ‘பெரிய’ எந்தப் பெயரோடும் மாறாது நிற்பதால், இங்கே ஈறு மாற்ற மறந்துவிடுவோம். மொழி கற்றலை ஆராய்ந்த பீனெமனும் ஹோகன்சொனும் 1999இல் முன்வைத்த வளர்ச்சி வரிசைப்படி, பெயரின் விகுதி முதலிலும், தொடருக்குள்ளான இயைபு அடுத்தும், ‘ஹூசெட் ஏர் ஸ்டூர்ட்’ (வீடு பெரியது) போன்ற பயனிலை இயைபு அதற்கும் பின்னரும் அமைகின்றன. எனவே பயனிலையில் பிழை வந்தால் கவலைப்படாமல், தொடருக்குள் இருக்கும் பிழையை முதலில் திருத்துங்கள்.

படி 4: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். குறித்த பொருளுக்குப் பெயரடை சேர்ந்தால், முன்னால் ஒரு சுட்டும் பின்னால் விகுதியும் என இரண்டும் வர வேண்டும்: ‘டே ஸ்டூரா ஹூசெட்’. ‘டே ஸ்டூரா ஹூஸ்’ என்று நிறுத்திவிடுவது பலரும் செய்யும் பிழை. டேனிஷ் மொழியில் விகுதியில்லாத அமைப்பே சரி என்பது வேறு கதை. ஆனால் உடைமைச் சொல் வந்தவுடன் சுட்டும் விகுதியும் ஒருசேர மறைய, பெயரடை மட்டும் ‘ஸ்டூரா’ என்றே நிற்கும்: ‘மிட் ஸ்டூரா ஹூஸ்’ (என் பெரிய வீடு), ‘அன்னாஸ் ஸ்டூரா ஹூஸ்’ (அன்னாவின் பெரிய வீடு). இம்மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பழகினால்தான் வேறுபாடு கையில் படியும். தனித்தனியாகக் கற்றால் ஒன்றின் விதி மற்றொன்றில் புகுந்துவிடும் என்பது என் கருத்து.

படி 5: இப்போது பெயருக்குப் பின்னால் நீட்டுங்கள்: ‘டே ஸ்டூரா ஹூசெட் வீட் ஷோன்’ (ஏரிக்கரையிலுள்ள பெரிய வீடு), ‘டே ஸ்டூரா ஹூசெட் சோம் ஸ்டோர் வீட் ஷோன்’ (ஏரிக்கரையில் நிற்கும் பெரிய வீடு). தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன் வரும். ஸ்வீடிஷில் ‘சோம்’ தொடங்கும் எச்சத்தொடர் பின்னால் வரும். செய்தித்தாள்களிலும் அரசு ஆவணங்களிலும் ‘டே ஹூஸ் சோம்’ என விகுதியின்றிக் கண்டால் அச்சுப்பிழையென எண்ண வேண்டாம். எந்த வீடு என்பதை எச்சத்தொடரே வரையறுக்கும்போது எழுத்து நடை அதை ஏற்கும். தொடக்கநிலையில் விகுதியோடே எழுதுங்கள்.

பயிற்சிக்கு, ‘பூக்’ (புத்தகம்), ‘பூர்ட்’ (மேசை) ஆகியவற்றை இதே ஐந்து படிகளில் வளர்த்து எழுதுங்கள். முன்னது ‘என்’ வகை, பின்னது ‘எட்’ வகை.