கட்டுமானமா, இடிபாடா? ஹேம்ஸ்கெர்க்கின் கோட்டோவியங்களைப் படிக்கும் முறை

நெதர்லாந்து ஓவியர் மார்ட்டென் வான் ஹேம்ஸ்கெர்க் 1532இல் ரோமுக்குச் சென்று, சில ஆண்டுகள் தங்கி, அந்நகரின் கட்டடங்களைப் பேனாவாலும் பழுப்பு மையாலும் வரைந்தார். அவற்றுள் பல இன்று பெர்லினில் இரு தொகுப்புகளாக உள்ளன. அக்காலத்தில் ரோமின் பழைய புனித பேதுரு பேராலயத்தை இடித்து, அதே இடத்தில் புதியதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பேராலயத்தைக் காட்டும் தாள்களைப் புதிதாகப் பார்ப்பவர்கள், பாதி கட்டிய ஆலயத்தைப் பண்டைய இடிபாடு என்றே எண்ணிவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்.

முதற்படியாக, ஓவியர் எங்கே நின்று வரைந்தார் என்று கண்டுபிடியுங்கள். ஆலயத்தின் உட்பகுதியைக் காட்டும் தாளில், கூரையிழந்த பழைய நடுக்கூடத்திலிருந்து புதிய கட்டுமானத்தை நோக்கிப் பார்க்கிறோம்.

இரண்டாம் படிதான் முக்கியமானது. இதற்கு அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். படத்தை அச்சிட்டு, அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, பழையதையும் புதியதையும் இரண்டு நிறப் பென்சில்களால் தனித்தனியே வரையுங்கள். வரிசைத் தூண்களும் அவற்றின்மேல் கிடையாகச் செல்லும் உத்திரமும் நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுப்பிய ஆலயத்தின் எச்சங்கள். அவற்றுக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் பருத்த தாங்குதூண்களும், உட்புறத்தில் சதுரக் குழிகள் கொண்ட வளைவுகளும், 1506இல் பணியைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் பிரமாந்தே 1514இல் இறக்கும் முன் எழுப்பியவை. குவிமாடத்தைத் தேடாதீர்கள், அது 1590இல்தான் முடிந்தது.

மூன்றாம் படியாக, வளைவுகளின் உச்சியை உற்றுப் பாருங்கள். அங்கே செடிகள் முளைத்திருந்தால் அது பழைமையின் அடையாளமன்று. 1527இல் ரோம் சூறையாடப்பட்ட பின் பணி தேங்கிக் கிடந்ததன் தடயம்.

நான்காவதாக, இத்தொகுப்புகளின் எல்லாத் தாள்களும் ஹேம்ஸ்கெர்க்கின் கைவண்ணம் அல்ல என்பதால், தாளின் விவரக்குறிப்பைப் படிக்காமல் அவர் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, ஆலயத்தின் வெளிப்புறக் காட்சியானால் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று அறிய, ஒபெலிஸ்க் எனப்படும் உயரமான ஒற்றைக்கல் தூணைத் தேடுங்கள். 1586இல் கட்டடக் கலைஞர் தொமேனிக்கோ ஃபொன்தானா அதை முன்புறச் சதுக்கத்துக்கு நகர்த்தும்வரை, அது ஆலயத்தின் தென்புறத்தில்தான் நின்றது.