புகைபிடிப்பவரின் ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கினால், டாக்டர் எழுதித் தரும் முக்கியமான டெஸ்ட் ஸ்பைரோமெட்ரி. கருவியில் ஊதச் சொல்லி, எவ்வளவு காற்று, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளப்பது இது. ரிப்போர்ட் முழுக்க எண்களாக இருக்கும். மிரள வேண்டாம், நமக்குச் சிலதான் தேவை.

படி 1: ஊதியது சரியா?
ஒரே மூச்சில், பலமாக, காற்று தீரும்வரை ஊதியிருக்க வேண்டும். நடுவில் இருமியிருந்தாலோ நிறுத்தியிருந்தாலோ எண்களை நம்ப முடியாது. மறுபடி ஊதுகிறேன் என்று கேளுங்கள்.

படி 2: 'போஸ்ட்' பத்தியைப் பாருங்கள்
'ப்ரீ' என்பது மருந்துக்கு முன். 'போஸ்ட்' என்பது மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை இன்ஹேலரில் இழுத்து, சுமார் 15 நிமிடம் கழித்து ஊதியது. சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) உண்டா என்று முடிவு செய்ய உதவுவது இதுதான்.

படி 3: விகிதம்
எஃப்விசி என்பது ஊதிய மொத்தக் காற்று. எஃப்ஈவி1 என்பது அதில் முதல் நொடியில் வெளியேறியது. உதாரணமாக எஃப்விசி 3.20 லிட்டர், எஃப்ஈவி1 1.76 லிட்டர் என்றால் விகிதம் 1.76 ÷ 3.20, அதாவது 0.55. போஸ்ட் விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கிறது. புகைபிடித்தவருக்கு மூச்சுத்திணறலும் சேர்ந்திருந்தால் சிஓபிடி என்றே டாக்டர் பெரும்பாலும் முடிவுக்கு வருவார்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். விகித வரியிலும் 'ப்ரெடிக்டெட் சதவீதம்' என்று ஓர் எண் இருக்கும். அதை விட்டுவிடுங்கள், ஊதிக் கிடைத்த விகிதமே கணக்கு.

படி 4: எவ்வளவு தீவிரம்?
அடைப்பு இருந்தால் மட்டும், எஃப்ஈவி1-இன் ப்ரெடிக்டெட் சதவீதத்துக்கு வாருங்கள். வயது, உயரம், பாலினம் பார்த்து எதிர்பார்க்கும் அளவில் எத்தனை சதவீதம் என்பது அது. 80-ம் அதற்கு மேலும் லேசு, 50 முதல் 79 மிதம், 30 முதல் 49 தீவிரம், 30-க்குக் கீழே மிகத் தீவிரம். 64 என்று வந்தால் 'நுரையீரலில் 36 சதவீதம் செத்துவிட்டது' என்று அர்த்தமில்லை.

விகிதம் சரியாக இருந்து எஃப்விசி மட்டும் குறைவா? நுரையீரல் சுருக்கமாக இருக்கலாம். அதற்கு வேறு டெஸ்ட் உண்டு.

எல்லாம் நார்மல் என்று வந்தாலும் பீடியைத் தொடர அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பப் பாதிப்பு ஸ்பைரோமெட்ரியில் தெரியாமல் போகலாம். புற்றுநோயை இது காட்டவே காட்டாது. இழந்த மூச்சு பெரும்பாலும் திரும்பாது, ஆனால் புகையை விட்டவருக்கு எஃப்ஈவி1 சரியும் வேகம் குறைகிறது. இந்தியாவில் இருப்பவர்கள் விடுவதற்கு உதவி கேட்க 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.