'வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்' என்று மருத்துவர் சொன்ன பிறகு

"இனிமேல் இங்கே வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று மருத்துவர் சொல்லும் நாளில், பெரும்பாலான குடும்பங்கள் கணக்கை முடித்து, ஆம்புலன்ஸ் பேசி, கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியுடன் வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. அன்று இரவே வலியோ மூச்சுத்திணறலோ கூடும்போது யாரை அழைப்பது என்று தெரியாமல், விட்டு வந்த அதே அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மறுபடியும் போய் நிற்க நேர்கிறது. முதியவரை வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் நாம் என்னென்ன கேட்டுக்கொள்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்போது கொடுத்துவரும் மாத்திரைகளில் எவை இனித் தேவையில்லை. வலி, வாந்தி, மூச்சுத்திணறல், இரவில் வரும் குழப்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வீட்டில் கையிருப்பாக எந்த மருந்தை வைத்திருக்க வேண்டும். விழுங்க முடியாமல் போனால் அதே மருந்தை வேறு எந்த வழியில் கொடுப்பது. சிறுநீர்க் குழாயை யார், எப்போது மாற்றுவது. நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது. இதற்கெல்லாம் பதில் கிடைக்காத மருத்துவமனையாக இருந்தால், நோய்த்தணிப்புச் சிகிச்சை, அதாவது பேலியேட்டிவ் கேர் தரும் இடத்துக்குப் பரிந்துரைக் கடிதமாவது கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தச் சிகிச்சை புற்றுநோயாளிகளுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், பக்கவாதத்தாலும் மறதி நோயாலும் படுத்த படுக்கையானவர்கள் என எல்லோருக்கும் இது உரியது.

தமிழ்நாட்டில் இதற்கான முதல் வாசல் உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையம்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகத்தான் பரவலாக அறியப்படுகிறது. ஆனால் படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் செவிலியர் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் அதே திட்டத்தில் அடங்கியவை. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ வீடு தேடி வரும் தன்னார்வலரிடமோ பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் உங்கள் வீடு விடுபட்டுப் போகக்கூடும். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வலி மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். கடுமையான வலிக்கு மார்ஃபின் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், "அது போதை மருந்தாயிற்றே, பழகிவிடுமே" என்று தயங்கி, வலி தாங்க முடியாமல் கதறும் வரை காத்திருந்து கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய 4 மணி நேரமே நிற்கும் என்பதால், வலி மீண்டும் தலைதூக்கும் முன்பே மருத்துவர் குறித்த நேரத்தில் அடுத்த வேளையைக் கொடுத்துவிட வேண்டும். மலச்சிக்கல் கிட்டத்தட்ட நிச்சயம் வரும் என்பதால், முதல் நாளிலிருந்தே மலமிளக்கியையும் சேர்த்துக் கொடுக்கும்படி எழுதித் தருவார்கள், அதை நிறுத்திவிடாதீர்கள். முதியவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், ஆகவே நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் இம்மருந்தை வைத்திருப்பதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது. இருந்தாலும் தெருமுனை மருந்துக்கடையில் இது கிடைப்பது அரிது என்பதால், தீர்வதற்கு 4, 5 நாள் முன்பாகவே வாங்கி வைத்துவிடுங்கள். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. என் தாயாரின் கடைசி வாரங்களில், நாங்கள் மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டபோது, ஒரே வேளை மருந்தை இருவர் கொடுக்காமல் காப்பாற்றியது காலண்டர் பின்னால் தொங்கிய அந்த நாற்பது பக்க நோட்டுதான்.

துணைக்கு ஆள் வைப்பதாக இருந்தால், ஏஜென்சிகள் 'ஹோம் நர்ஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு விதமானவர்களை அனுப்புகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். படித்துப் பதிவு பெற்ற செவிலியர் ஊசி போடுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், குழாய் மாற்றுவார். மற்றவர் குளிப்பாட்டவும், உடை மாற்றவும், புரட்டிப் படுக்க வைக்கவும் பழகியவர். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாமவர் போதும், செவிலியர் வாரத்துக்கு ஓரிரு முறை வந்தால் சரி. கமிஷன் எவ்வளவு, வந்தவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்; அடையாள அட்டையின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்; நகைகளை முன்பே எடுத்து வைத்துவிட்டால் பிறகு யாரையும் சந்தேகிக்க வேண்டியிருக்காது. 24 மணி நேர ஆள் என்றாலும் அவரும் உறங்க வேண்டியவர், ஆகவே இரவில் புரட்டிப் போடும் முறையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

படுக்கைப் புண்ணைத் தடுப்பது, வந்த பிறகு ஆற்றுவதைவிட எவ்வளவோ எளிது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைகொடுத்து, கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்றை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காற்று மெத்தை உதவும், ஆனால் அதை வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கினால், உடலை இழுக்காமலேயே நகர்த்தலாம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம்.

உணவு பற்றிய கவலை வீட்டுப் பெண்களை மிகவும் வாட்டும். உடல் அடங்கத் தொடங்கும்போது பசி தானாகவே குறைகிறது. சாப்பிடாததால் அவர் இறந்துகொண்டிருக்கவில்லை, இறக்கும் நிலையில் இருப்பதால் சாப்பிட மறுக்கிறார். இரண்டு ஸ்பூன் மோரோ இளநீரோ கேட்டால், தலையை உயர்த்தி வைத்துக் கொடுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். கடைசி நாட்களில் ஏற்றும் குளுக்கோஸ் பெரும்பாலும் கை கால் வீக்கமாகவும் நெஞ்சில் கோழையாகவும்தான் முடிகிறது. நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் வாயை அடிக்கடி துடைத்து, உதடு காயாமல் வைத்திருப்பதே அப்போதைய பெரிய உபசாரம். உறவினர்கள் வரிசையாக வந்து பால் ஊற்றும் வழக்கம் இருக்கும் வீட்டில், விழுங்க முடியாதவரின் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போய்ப் புரையேறும் என்பதால், பாலில் விரலை நனைத்து உதட்டில் தடவச் சொல்லுங்கள். சடங்கும் நிறைவேறும், அவருக்கும் துன்பமிருக்காது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லையா?" என்று கேட்க ஓர் உறவினராவது வருவார். இதை எதிர்கொள்ளவே, முதியவர் தெளிவாக இருக்கும்போது அவருடைய விருப்பத்தைக் கேட்டு, பிள்ளைகள் எல்லோருக்கும், முக்கியமாக வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு, ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும். செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் ஏற்றது; 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியதால், இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். 108ஐ அழைத்தால் அவர்கள் உயிர்காக்கவே வருவார்கள், ஆகவே அழைப்பதா வேண்டாமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கடைசி சில நாட்களில் உறக்கம் கூடும், சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கும், கை கால்கள் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கோழை உருளும் சத்தம் கேட்பவர்களை நடுங்க வைத்தாலும், பெரும்பாலும் அந்த நிலையில் நினைவு மங்கிவிட்டிருப்பதால் அவர் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். காது கேட்கக்கூடும் என்பதால் கட்டிலருகே சொத்துப் பேச்சு வேண்டாம்.

மூச்சு நின்றதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அவசரப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே பார்த்துவந்த மருத்துவரை அழைத்து, வீட்டில் நிகழும் இறப்புக்கான 4ஏ படிவத்தில் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்குங்கள். முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் இது சுலபம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சடங்குகள் முடிந்ததும், வாடகைக்கு எடுத்த கட்டிலையும் ஆக்ஸிஜன் கருவியையும் அனுப்பிவிட்டு, துணைக்கு இருந்தவரின் கணக்கை அன்றே தீர்த்து, மீதமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, கொடுத்த மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.