கல்யாண சிடியைக் காப்பாற்றுவது எப்படி: விசிடி, டிவிடி தகடுகளிலிருந்து படத்தை மீட்கும் முறை

நெல்லைப் பக்கம் வீட்டு பீரோவின் அடித்தட்டில் கல்யாண ஆல்பத்தோடு இரண்டு மூன்று தகடுகள் கிடக்கும். பிளேயர் மச்சுக்குப் போய் வருடங்கள் ஆகியிருக்கும். புது லேப்டாப்பில் தகடு போட இடமே இல்லை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பால்காய்ப்பு, கோயில் கொடை என்று ஒரு பதினைந்து வருடக் காலத்து விசேடங்கள் எல்லாம் இப்படித் தகட்டில்தான் இருக்கின்றன. ஸ்டூடியோவில் மூல டேப் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பதிவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ஆகவே பீரோவில் இருப்பதுதான் மூலம்.

ஒரு தகடு முறை வழக்கொழிவது இரண்டு படியாக நடக்கும். முதலில் அதில் புதுப் படம் வருவது நிற்கும். பிளேயர் ஓடும்வரை பெரிய நட்டமில்லை. அடுத்து பிளேயர் செய்வதே நிற்கும். டிவிடிக்கு அடுத்த தலைமுறைத் தகடான எச்டி டிவிடியை 2006 மார்ச்சில் கடைக்குக் கொண்டுவந்த தோஷிபா, ப்ளூ-ரேயோடு போட்டியிட முடியாமல் 2008 பிப்ரவரி 19 அன்று கைவிட்டது. இரண்டு வருடம்கூட நிறையவில்லை. வாங்கியவர்கள் ஏமாந்து நின்றார்கள், வாங்காதவர்கள் அடுத்ததையும் வாங்கத் தயங்கினார்கள். விஎச்எஸ் வீடியோ கேசட் டெக்கை 2016 ஜூலைவரை ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் செய்துகொண்டிருந்தது, அதோடு சரி. வெறுந்தகடுகளுக்கும் அதே கதிதான்: பதியக்கூடிய ப்ளூ-ரே தகடு செய்வதை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் ப்ளூ-ரே பக்கமே போகாமல் டிவிடியிலிருந்து நேரே பென் டிரைவுக்கும் செல்போனுக்கும் போய்விட்டன. சினிமாத் தகடு கெட்டால் அதே படத்தை வேறெங்காவது பார்த்துக்கொள்ளலாம். அப்பா தாலி கட்டும் தகட்டுக்கு இன்னொரு பிரதி எந்தக் கடையிலும் கிடையாது.

முதலில் இனம் பிரியுங்கள்

எல்லாத் தகட்டையும் தரையில் பரப்பி, எழுதியவை, அச்சிட்டவை என்று இரண்டாகப் பிரியுங்கள். அடிப்பக்கம் நீலமாக, பச்சையாக, வெளிர் பொன்னாக, அல்லது ஊதாவாக இருந்தால் அது கணினியில் எழுதியது. பளிச்சென்ற வெள்ளி நிறம் என்றால் ஆலையில் அச்சிட்ட சினிமாத் தகடு. எழுதிய தகட்டில் படம் இருப்பது ஒரு சாயத்தின் மேல். வெயிலும் வெக்கையும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். தட்டட்டிக்கு நேர் கீழே இருக்கும் மச்சில் சித்திரை வைகாசி வெக்கையைத் தாங்கிய தகடும், குற்றாலச் சாரல் பக்கம் ஈரம் குடித்த தகடும், உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்ட தகடும் முதல் வரிசைக்கு வர வேண்டும். உள்ளூர்க் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டு, கணியான் கூத்துத் தகடுகளையும் கல்யாணத் தகட்டோடு சேர்த்து வையுங்கள். அவற்றுக்கும் வேறு பிரதி இருக்காது. தோட்டத்தில் மயிலை விரட்டக் கயிற்றில் கோக்கும் தகடுகளில் ஊதா, நீல நிறத்தவை இருந்தால் கட்டுவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சச் சோதனை. தகட்டுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் பிரதிபலிக்கும் உலோகப் பூச்சு உதிர்ந்துவிட்டது. அங்கே இருந்த படம் இனி வராது. மற்ற இடங்கள் வரும், அதனால் தூக்கிப் போடாதீர்கள்.

எந்தப் பக்கம் மென்மையானது என்பதைப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். சிடி 1.2 மில்லிமீட்டர் கனம். படம் பதிந்த அடுக்கு, பெயர் எழுதும் மேல்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைச் சரிசெய்துவிடலாம். மேல்பக்கக் கீறல் படத்தையே வழித்துக்கொண்டு போய்விடும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதிய விசிடிகள் கெடுவது இதனால்தான். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது, படம் நடுவில் இருக்கிறது. அதில் ஒட்டுப்பசை விட்டு விளிம்பு பழுப்பேறுவதுதான் பெரிய வியாதி. மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் மேலே ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது. சிடியில் அது பூச்சையும் சேர்த்து இழுத்துவிடும். ஸ்டிக்கர் பாதி எழும்பிச் சுழலும்போது ஆடுகிறது என்றால் எழும்பிய பகுதியை மட்டும் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

கழுவுதல்

சுத்தமான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. விரல் நுனியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் தடவுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், டிரைவின் பிழைதிருத்தம் அதைத் தாண்ட முடியாமல் நிற்கும். பஞ்சு உதிராத மென்துணியால் ஒற்றி, செங்குத்தாக நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய்க் கைரேகை போகாவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால். தின்னர், பெட்ரோல், நெயில்பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், பாலிகார்பனேட் கரைந்து பால்போல வெளுத்துவிடும். டூத்பேஸ்ட் வைத்தியம் சிடி, டிவிடியின் அடிப்பக்கக் கீறலுக்குச் சில சமயம் உதவும். ப்ளூ-ரேயில் படம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் அங்கே பேஸ்ட் போடுவது நாசம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் புகுந்த வீடுகளில் தகடுகள் சேறோடு காய்ந்து கிடக்கலாம். அந்த வண்டலில் நுண்மணல் உண்டு, துடைத்தால் உப்புத்தாள் போட்டதுபோல் ஆகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, சேறு தானாகக் கழன்ற பிறகு வேறு தண்ணீரில் அலசுங்கள். உறையோடு ஒட்டிக்கொண்ட தகட்டையும் தண்ணீருக்குள் வைத்தே மெதுவாகப் பிரியுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைக்க வேண்டாம். உலர்ந்த அன்றே பிரதி எடுத்துவிடுங்கள். நனைந்த தகடு அடுத்த மாதமும் இதே நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

டிரைவ்

யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி ரைட்டர் நல்ல தகடுகளுக்குப் போதும். கீறல் விழுந்தவற்றுக்குப் பழைய டெஸ்க்டாப் கணினியிலிருந்து கழற்றிய பெரிய டிரைவ் பெரும்பாலும் நன்றாகப் படிக்கும். அதை லேப்டாப்போடு இணைக்க சாட்டா–யுஎஸ்பி அடாப்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய டிரைவுக்கு 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இரண்டும் வேண்டும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்கான மலிவு அடாப்டர் 5 வோல்ட் மட்டுமே தரும். அதில் விளக்கு எரியும், தட்டு வெளியே வராது. தனிப் பவர் அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் வேறுவேறு கம்பெனியின் இரண்டு டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது, ஒன்று படிக்காத தகட்டை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடக்கும். மெல்லிய டிரைவில் தட்டை இழுத்தால் லென்ஸ் மேலேயே தெரியும். ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்ஸால் அழுத்தாமல் ஒருமுறை துடைத்தால் போதும். மச்சிலிருந்து இறக்கிய பிளேயரின் தட்டு திறக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பழைய பெல்ட்டைக் காட்டினால் அதே சுற்றளவில் தருவார்கள்.

விசிடியிலிருந்து எடுப்பது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். விசிடியை டிவிடிபோல ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழுத் தகட்டையும் ஒரே கோப்பாக, எடுக்கக் கூடாது. தகட்டில் பதிவு செக்டர் என்ற சின்னத் துண்டுகளாக இருக்கும். சாதாரண தரவுச் சிடியில் ஒரு செக்டரில் 2048 பைட் தரவு, மீதம் பிழைதிருத்தம். விசிடியில் அந்தப் பிழைதிருத்தத்தைக் கழித்துவிட்டு 2324 பைட் படமாகவே நிரப்பியிருக்கிறார்கள். ஒரு தகட்டில் 74 நிமிடம் அடங்கியதும், சின்னக் கீறலுக்கே படம் கட்டம்கட்டமாக உடைவதும் இந்தக் கணக்கால்தான். ஐஎஸ்ஓ எடுத்தால் கோப்பு உருவாகும், படம் ஓடாது.

தகட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற ஃபோல்டருக்குள் .DAT என்று முடியும் கோப்புகள் இருக்கும். தகடு சுத்தமாக இருந்தால் விண்டோஸில் அந்தக் கோப்பை அப்படியே காப்பி செய்யலாம், விஎல்சியில் ஓடும். பாதியில் பிழை காட்டி நின்றால் ஐஎஸ்ஓபஸ்டர் மென்பொருளைத் திறந்து, அதே கோப்பில் வலது கிளிக் செய்து, எம்2எஃப்2 வீடியோ ஃப்ரேம்களை மட்டும் வடிகட்டி எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். படிக்க முடியாத செக்டரை விட்டுவிட்டு மற்றதை எம்பெக் கோப்பாகத் தரும். ஒரு நொடி படம் துள்ளும், கல்யாணம் முழுதும் கிடைக்கும்.

அளவை வைத்துச் சரிபாருங்கள். விசிடி நிமிடத்துக்குச் சுமார் 10.5 எம்பி. ஒரு மணி நேரத் தகட்டிலிருந்து 630 எம்பி அளவில் கோப்பு வர வேண்டும். 400 எம்பிதான் வந்தது என்றால் காப்பி பாதியில் நின்றிருக்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். எழுதுவது உள்ளேயிருந்து வெளியே போவதால் கைபட்டுக் கெடும் விளிம்பில்தான் படத்தின் முடிவு இருக்கும். தகடு நிறைய எழுதியிருந்தால் மறுவீடு, விருந்துப் பகுதிகள் முதலில் போவது அதனால்தான்.

டிவிடி

வீட்டு விசேட டிவிடிகளில் காப்பியைத் தடுக்கும் பூட்டு இருக்காது. விடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரில் உள்ள விஓபி (VOB) கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் துண்டாகியிருக்கும். அவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பெயர் மாற்றினால் நேரக்கணக்கு குழம்பும், ஒரு துண்டின் முடிவில் சத்தம் அறுபடும். முழுத் தகட்டையும் ஐஎஸ்ஓவாக எடுங்கள். பிறகு அதிலிருந்து மேக்எம்கேவி மென்பொருள் கொண்டு ஒரே கோப்பாக்கினால் தரம் துளியும் குறையாது.

கெட்ட டிவிடிக்கு லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருளுக்கு இணை இல்லை. செக்டர் அளவு 2048 என்று கொடுங்கள். முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைத் தாண்டி நல்லதையெல்லாம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் விட்ட இடங்களை மூன்று முறை முயலட்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அது ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும். அந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தகட்டை வேறு டிரைவில் போட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்து ஓட்டை அடைபடும். இரவு விட்டுவிட்டுத் தூங்கலாம், ஆனால் டிரைவ் சூடேறி முனகினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

கேம்கார்டரின் 8 சென்டிமீட்டர் குட்டித் தகடு கணினியில் வெறுமையாகத் தெரிந்தால் படம் அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். பதிந்து முடித்த பிறகு கேமராவில் முடித்துவைக்கும் கட்டளை கொடுக்காமல் விட்டிருப்பார்கள். கேமரா இருந்தால் அதிலேயே ஃபைனலைஸ் கொடுங்கள். இல்லையென்றால் ஐஎஸ்ஓபஸ்டரில் தேடலாம். குட்டித் தகட்டைத் தட்டு இல்லாத, உறிஞ்சி இழுக்கும் டிரைவில் போடாதீர்கள், மாட்டிக்கொள்ளும்.

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த சினிமா டிவிடி ஓடாமல் போவது வேறு விவகாரம். சினிமா டிவிடி எந்தப் பகுதியில் ஓடும் என்று குறிக்கும் மண்டல எண் இந்தியாவுக்கு 5, வளைகுடாவுக்கு 2, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசி மாற்றம் நிரந்தரம். அதைச் சினிமாவுக்காக வீணாக்க வேண்டாம். வீட்டில் எழுதிய தகட்டுக்கு மண்டலமே கிடையாது.

எந்த டிரைவிலும் வராத தகட்டைப் பழைய டிவிடி பிளேயரில் போட்டுப் பாருங்கள். கணினி மறுக்கும் தகட்டை அது தட்டுத்தடுமாறி ஓட்டிவிடுவதுண்டு. ஓடினால், மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி 720க்கு 576 அளவில் பதிந்துகொள்ளலாம். தரம் ஒரு படி இறங்கும், படம் கையில் நிற்கும்.

எடுத்ததை வைத்துக்கொள்வது

மூலக் கோப்பை அழிக்காதீர்கள். செல்போனில் அனுப்ப எம்பி4 வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள், தர எண் 18 முதல் 20. டிவிடிப் படத்தில் அசைவு வரும்போது சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் முறையைத் தேர்ந்து நொடிக்கு 50 ஃப்ரேம் வையுங்கள். விசிடி 352க்கு 288தான். அதைப் பெரிதாக்கிப் பதிவதால் கோப்பு வீங்குமே தவிர முகம் தெளியாது. 4:3 படத்தை டிவி அகலத்துக்கு இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். பக்கங்களில் கறுப்பு நிற்பதுதான் சரி.

இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீடு. ஒன்று பாளையங்கோட்டையில் என்றால் மற்றது சென்னையிலோ கோவையிலோ இருக்கும் தம்பி வீட்டில். ஆற்றோர வீட்டில் இருப்பதை மாடியில் வையுங்கள். பென் டிரைவ் கொண்டுபோகத்தான், வைத்துக் காக்க இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, தை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கணினியில் போட்டு ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று பாருங்கள். பிரதி எடுத்த தகட்டையும் எறிய வேண்டாம், செங்குத்தாக, கெட்டி டப்பாவில், இருட்டில் வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், விசேடம், ஊர் என்ற வரிசை போதும். அதே ஃபோல்டரில் ஒரு எழுத்துக் கோப்பில், பந்தியில் உட்கார்ந்திருப்பவர் யார், மாப்பிள்ளைக்கு மாலை போடும் மாமா எந்த ஊர் என்று நிமிடக் கணக்கோடு எழுதிவையுங்கள். ஆச்சியையும் பெரியப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தை ஓட்டினால் ஒரு மாலையில் முடியும் வேலை அது.