பிளேனோ நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே உள்ள பிளேனோவிலும் அதையொட்டிய புறநகர்களிலும் வீடு தேடும் குடும்பங்கள், பிள்ளை ஐந்தாம் வகுப்பை நெருங்கியதும் எந்த நடுநிலைப் பள்ளி நல்லது என்று விசாரிக்கத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. இங்கே அது ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகள் மட்டுமே. விசாரிப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் (ஒரே வாரியம் பள்ளிகளை நடத்தும் வட்டாரத்துக்குள்) பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பள விகிதமும் பொதுவானவை என்பதால், எண்களில் தெரியும் ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி அங்கே யார் படிக்கிறார்கள் என்பதிலிருந்தே வருகிறது. இதை மறந்துவிடுவதால்தான் மற்றத் தவறுகளும் நேர்கின்றன.

ஊரின் பெயரையும் பள்ளி மாவட்டத்தையும் ஒன்றாக எண்ணுவது பலரும் முதலில் செய்யும் தவறு. முகவரியில் பிளேனோ என்று இருக்கும் வீடுகள் சில ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், ஆலன் பள்ளி மாவட்டங்களில் அடங்கும். மறுபுறம், பிளேனோ பள்ளி மாவட்டம் டாலஸ், ரிச்சர்ட்சன், மர்ஃபி ஆகிய ஊர்களின் பகுதிகளையும் உள்ளடக்கியது. வீட்டு விற்பனை விளம்பரத்தில் உள்ள பள்ளியின் பெயரை நம்பி முன்பணம் கட்டிவிடாமல், மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லைகள் நிலையானவையும் அல்ல. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் ஆம்ஸ்ட்ராங், கார்ப்பென்டர் என்ற இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் மூடுவதென்று பிளேனோ பள்ளி வாரியம் 2024 ஜூனில் முடிவு செய்தது. அந்தப் பிள்ளைகள் அடுத்த கல்வியாண்டு முடிந்ததும் வேறு பள்ளிகளுக்கு மாற வேண்டியதாயிற்று.

அடுத்தது, ஒற்றை மதிப்பெண்ணை முழுமையாக நம்புவது. வீடு தேடும் ஸில்லோ தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் அருகில் காணப்படும் பத்துக்கு இத்தனை என்ற எண், கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு கணக்கிட்டுத் தருவது. மாநில அரசும் ஏ முதல் எஃப் வரை தரம் வழங்குகிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் மூன்று பிரிவுகள் உள்ளன: தேர்வில் எட்டிய அளவு, முன்னேற்றம், பின்தங்கிய பிரிவினரின் இடைவெளியைக் குறைத்தது. முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 விழுக்காடும், மூன்றாவதற்கு 30 விழுக்காடும் எடை தரப்படுகிறது. ஆகவே ஏ தரம் பெற்ற இரண்டு பள்ளிகளில், ஒன்று ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளால் அதைப் பெற்றிருக்கலாம். மற்றொன்று ஓராண்டில் பிள்ளைகளை வெகுதூரம் முன்னேற்றியதால் பெற்றிருக்கலாம். என் பார்வையில் இரண்டாவது பள்ளியே ஆசிரியர்களின் உழைப்பைக் கூடுதலாகக் காட்டுகிறது. இந்த எழுத்துகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதிலும் கவனம் தேவை: 2023இல் விதிகள் மாற்றப்பட்டன, வழக்குகளால் அந்த ஆண்டின் முடிவுகள் 2025இல்தான் வெளிவந்தன. அந்தத் தரத்துக்குக் காரணமான மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டார்கள்.

எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்ச்சியை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துவதுதான் படித்த பெற்றோரையும் ஏமாற்றிவிடும் தவறு. நானே இதில் விழுந்திருக்கிறேன். மாநில அரசு நடத்தும் ஸ்டார் தேர்வில் ஒரு பள்ளியின் முடிவுகளில் எட்டாம் வகுப்புக் கணக்கு மட்டும் தாழ்ந்திருந்ததைக் கண்டு, அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். டெக்சஸில் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா படிக்கும் மாணவர்கள் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக அல்ஜீப்ராவின் இறுதித் தேர்வை எழுதுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் 300 பேர் இருப்பதாகவும், அவர்களில் 200 பேர் அல்ஜீப்ரா எடுத்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புக் கணக்கு என்ற வரியில் தெரிவது மீதமுள்ள 100 பேரின் நிலை மட்டுமே. பக்கத்துப் பள்ளியில் 50 பேர் மட்டும் அல்ஜீப்ரா எடுத்திருந்தால், அங்கே அதே வரியில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள். அந்தப் பள்ளியே சிறந்ததுபோலத் தோன்றும். எனவே இரண்டு தேர்வுகளையும், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 விழுக்காட்டில் வரும் மாணவர்களை எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு இட்டுச்செல்லும் உயர்தரக் கணக்கில் ஆறாம் வகுப்பிலேயே தானாகச் சேர்க்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் தெரிவிக்க வேண்டும். ஆகையால் அல்ஜீப்ரா வகுப்பு இருக்கிறதா என்று கேட்பதைவிட, ஆறாம் வகுப்பில் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்புவரை அதில் நிலைத்தார்கள் என்று கேட்பது பயன் தரும்.

ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்ற விகிதத்தை வகுப்பின் அளவாக எடுத்துக்கொள்வதும் சரியன்று, ஏனெனில் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். வகுப்புக்கு 22 பேர் என்ற டெக்சஸ் வரம்பு நான்காம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. மாநிலத்தின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையில் ஒவ்வொரு பள்ளிக்கும் பாடவாரியாகச் சராசரி வகுப்பளவு தரப்படுகிறது. அதைப் பார்த்தால் போதும்.

பிளேனோவுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே 9, 10 வகுப்புகளுக்கு ஹைஸ்கூல் என்றும், 11, 12 வகுப்புகளுக்கு சீனியர் ஹைஸ்கூல் என்றும் தனித்தனிப் பள்ளிகள் உள்ளன. நடுநிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் அதைத் தொடர்ந்து வரும் இரண்டு பள்ளிகளையும் பார்க்காமல் விடுவது பிழை. பிள்ளையின் நண்பர்கள் அதே ஹைஸ்கூலுக்குச் செல்வார்களா, பாதிப் பேர் வேறு திசையில் பிரிவார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

இறுதியாக, பள்ளிக்கு நேரில் செல்பவர்கள் வரவேற்பறையையும் அங்குள்ள கோப்பைகளையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். அனுமதி பெற்று, ஒரு பாடவேளை முடிந்து மணி அடிக்கும் நேரத்தில் நடைபாதையில் நின்று பாருங்கள். நான் அப்படி நின்ற ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் வகுப்பு வாசலுக்கு வந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டைத் திறக்கத் தெரியாமல் லாக்கரின் முன் தவித்த ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கு, கேட்காமலே ஒருவர் குனிந்து உதவினார். மதிப்பெண் பட்டியலில் நான் முன்பு நீக்கியிருந்த பள்ளி அது.