தீப்பிடிக்கும் நிலத்தின் வரைபடம்: பினாங்கு உள்ளூர்த் திட்டத்துக்குக் கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு மலையோரங்களில் லாலாங் புல் பற்றிக்கொள்வதும், பொம்பா எனப்படும் தீயணைப்புப் படை வந்து அணைப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சரிவில் வீடு எழலாமா, காட்டு ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி எழ வேண்டும், தீயணைப்பு வண்டி எந்த வழியாக ஏறும் என்பவை முடிவாவது வேறோர் இடத்தில். 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டத்தில். அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது எழுதப்படும் கருத்துகளில் பெரும்பாலானவை உணர்ச்சியோடு தொடங்கி உணர்ச்சியோடு முடிகின்றன. நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்த வேண்டுமானால் புல், சரிவு, வழி, தண்ணீர் என்ற நான்கையும் பற்றிப் பேசியாக வேண்டும்.

தமிழ் நாளிதழில் வரட்டும் என்று காத்திருப்பது

1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) வரைவுத் திட்டத்தைப் பற்றி உள்ளூர் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடச் சொல்கிறது. குறைந்தது இரண்டு இதழ்கள், அவற்றில் ஒன்று மலாய் இதழாக இருக்க வேண்டும். தமிழ் இதழில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆட்சேபத்துக்கான காலம் நான்கு வாரத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம் தரும் உறுதி. ஆலயக் கூட்டத்தில் செய்தி பரவி, பிறகு ஆள் தேடி, படிவம் நிரப்புவதற்குள் அந்த நான்கு வாரம் ஓடிவிடும். குடியிருப்போர் சங்கத்தில் ஒருவரை மாநகர் மன்றத்தின் இணையத்தளத்தை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லி நியமித்துவிடுங்கள்.

மன்றத்தையும் சரியாகப் பாருங்கள். தீவில் உள்ள நிலம் பினாங்கு தீவு மாநகர் மன்றத்தின் கீழ் வரும். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். கோலாலம்பூருக்கோ சட்டமே வேறு: 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், சட்டம் 267. அங்குள்ள உறவினர் அனுப்பிய மாதிரிக் கடிதத்தை எண்களைக்கூட மாற்றாமல் இங்கே அனுப்புவது, படிப்பவருக்கு முதல் வரியிலேயே நம்பிக்கை இழக்கச் செய்யும்.

'அனுமதி கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம்

மிகப் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது. பக்கத்து மலையில் கட்டடம் வந்தால் நமக்கு நோட்டீஸ் வரும், 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். சட்டம் 172-இன் 21-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருவது உண்மைதான். ஆனால் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில்தான் அது கட்டாயம். அப்போதும் அது அக்கம்பக்க நில உரிமையாளருக்கு மட்டுமே. ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சாக்கடையோ இடையில் உள்ள நிலம், முட்டுச்சந்து வழியைப் பகிர்ந்தால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம், அவ்வளவுதான்.

உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்டால் கதவு பெரும்பாலும் சாத்தப்படுகிறது. அதன்பின் திட்டத்துக்கு முரணான அனுமதியை மன்றம் கொடுக்க முடியாது. திட்டத்துக்கு ஒத்துவரும் அனுமதியைத் தடுப்பது மிகக் கடினம். ஆகவே வரைவு நிலையே உங்கள் நேரம். இந்த நிலையில் கருத்துச் சொல்ல நிலப் பட்டாவான கிராண்ட் உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர், பழைய தோட்ட வரிசை வீட்டில் தங்கியிருப்பவர், சொந்த நிலமில்லாத கோவிலின் நிர்வாகம் என்று யாரும் எழுதலாம். 'நமக்கு நிலமே இல்லை, நாம் என்ன சொல்வது' என்று ஒதுங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் காட்டு ஓரத்திலேயே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய குரல் இல்லாத வரைபடம் குறைபட்ட வரைபடம்.

'தீ' என்ற தலைப்பைத் தேடிக் கைவிடுவது

வரைவில் தீ அபாயம் தனித்தாளாக வராமல் போகலாம். சுற்றுச்சூழல் உணர்திறன் பகுதி, மலை நிலம், சரிவு வகை, வன ஓரம், விவசாய மண்டலம் என்ற அடுக்குகளுக்குள் அது சிதறிக் கிடக்கும். அந்த அடுக்குகளைத் தனித்தனியாக எடுத்து உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வண்ணத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. உள்ளூர்த் திட்டம் என்பது வரைபடமும் எழுத்து அறிக்கையும் சேர்ந்தது. பச்சை நிறத்துக்குள் எதை அனுமதிக்கலாம், எந்த நிபந்தனையோடு என்பது அறிக்கையில்தான் இருக்கும். 'சிறப்புத் திட்டங்களுக்கு விலக்கு' போன்ற ஒரு வாக்கியம் முழு வண்ணத்தையும் அர்த்தமற்றதாக்கிவிடக்கூடும்.

பினாங்கில் பழகிப்போன ஓர் எல்லை உண்டு: கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலோ, 25 பாகையை மிஞ்சிய சரிவோ இருந்தால் அது மலை நிலம். அதற்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று நினைப்பது தவறு. தீ பற்றுவது பெரும்பாலும் வீடும் காடும் முட்டிக்கொள்ளும் அடிவாரத்தில்தான். குப்பை எரிப்பதும் பழத்தோட்டத்தில் சருகைக் கொளுத்துவதும் அங்கேதான் நடக்கின்றன.

நான்கு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக்குவது

மலேசிய வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் வெளியிடும் தீ அபாய மதிப்பீடு கனடா நாட்டு முறையைத் தழுவியது. மேற்பரப்புச் சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது, அடிமண் எவ்வளவு வறண்டிருக்கிறது, காற்று எப்படி என்பவற்றை வைத்து இன்றைய நிலையைச் சொல்கிறது. நாளை மழை பெய்தால் மாறிவிடும். பல ஆண்டுத் திட்டத்துக்கு அதை ஆதாரமாக ஒட்டினால் அந்தக் கருத்து நிற்காது.

செயற்கைக்கோள் காட்டும் வெப்பப்புள்ளியும் அப்படித்தான். மோடிஸ் கருவியின் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டர். வீர்ஸ் கருவியில் 375 மீட்டர், சுமார் 14 ஹெக்டர். அந்தப் புள்ளி கட்டத்தின் நடுவில் வைக்கப்பட்டது, தீ எரிந்த இடத்தின் நடுவில் அல்ல. புள்ளி இல்லாததால் தீ இல்லை என்றும் ஆகாது. மேகம் மறைத்திருக்கலாம், கோள் கடந்துபோன நேரத்துக்குப் பிறகு பற்றியிருக்கலாம், புல் தீ ஒரு மணி நேரத்தில் அடங்கியிருக்கலாம்.

மூன்றாவது, நிலத்தின் இயல்பு: அங்கே தீ வந்தால் எவ்வளவு வேகமாக, எவ்வளவு சூடாக எரியும் என்பது. நான்காவது, இழப்பு: அங்கே யார், எது இருக்கிறது, என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பது. திட்ட வரைபடம் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் காட்டும். 'என் வீட்டுக் கூரை ஓடு, சுற்றிலும் சிமெண்டு போட்டிருக்கிறேன்' என்பது நான்காவதைப் பற்றிய வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் மூன்றாவதை மாற்றாது.

இந்தக் குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சாட்சி. 2022-இல் அங்கே மாநிலம் முழுவதற்கும் காட்டுத்தீ வரைபடம் வெளியிட்டு, உயர் நிலையில் வகைப்படுத்தப்பட்ட நிலத்தின் உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். எதிர்ப்பு வெடித்தது, சில வாரங்களில் வரைபடம் திரும்பப் பெறப்பட்டது. பிறகு 'இழப்பு' என்ற பொருள்படும் பெயரை நீக்கி, நிலத்தின் இயல்பைக் குறிக்கும் பெயரில் 2025-இல் மீண்டும் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அந்த வரைபடத்தைக் கோரிய சட்டப் பகுதியே நீக்கப்பட்டது. மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறார்களா, மலையைப் பற்றிச் சொல்கிறார்களா என்பதே தெளிவாக்கப்படவில்லை. கருத்து எழுதும்போது முதல் கேள்வியாகவே கேளுங்கள்: இந்த அடுக்கு எதை அளக்கிறது, எந்த ஆண்டின் தரவு?

'இதுவரை எரிந்ததே இல்லை', 'பசுமையாகத்தானே இருக்கிறது'

நிழல் மூடிய பழங்காடு ஈரமாக இருக்கும், எளிதில் பற்றாது. ஆபத்து அதன் ஓரத்தில். மரம் வெட்டி வெயில் இறங்கிய சரிவில் லாலாங் வரும், ரெசாம் பெரணி மெத்தைபோல் மூடும். ரெசாமின் மேல்பக்கம் பச்சையாகத் தெரிந்தாலும் அடியில் பல ஆண்டுக் காய்ந்த தண்டுகள் குவிந்திருக்கும். லாலாங் மேலே எரிந்தாலும் மண்ணடித் தண்டு சாகாது, சில வாரங்களில் மீண்டும் தழைக்கும். ஒருமுறை எரிந்த இடம் மறுபடி எரியத் தயாராகிவிடுகிறது. எனவே 'காடு' என்று வண்ணமிட்ட இடம் இப்போது ரெசாம் சரிவாக இருந்தால் அதை எழுதுங்கள். திட்டக் குழுவுக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள திருத்தம் இதுதான். கைவிடப்பட்ட பழத்தோட்டம், மின்கம்பிப் பாதையின் கீழ்ப் புல், புதைகுழிச் சரிவு ஆகியவற்றையும் குறியுங்கள்.

சரிவு அதைவிட முக்கியம். சமதரையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 பாகையில் நான்கு மடங்கு. ஆகவே சரிவின் உச்சியில் இருக்கும் வீடு, சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாவிட்டாலும், கீழே இருக்கும் புல்லால் ஆபத்துக்குள்ளாகிறது. 'எங்கள் நிலத்தில் புல்லே இல்லை, ஏன் குறித்தீர்கள்' என்ற ஆட்சேபம் தோற்பது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அடர்காட்டு வகைக்கு 100 மீட்டரும், குறைந்த ஆபத்துள்ள வகைகளுக்கு 30 மீட்டரும் இடைவெளிப் பட்டையாகச் சேர்த்தே குறிக்கிறார்கள். அவர்களுடைய யூகலிப்டஸ் காட்டின் எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் 'பட்டை எத்தனை மீட்டர், எந்தக் கணக்கில்' என்று கேட்பது சரியான கேள்வி.

எரிந்த சரிவு அடுத்து வரும் ஏப்ரல், மே மழையில் மண்ணை இழக்கிறது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் 11 பேரை விழுங்கிய மண்சரிவுக்குத் தீ காரணமல்ல. ஆனாலும் அந்த நினைவு இருக்கும் ஊரில் தீ அடுக்கையும் சரிவு அடுக்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

காம்புட் எனப்படும் கரிச் சதுப்பு மண் பற்றிய வாதங்களை இங்கே நகலெடுக்காதீர்கள். அது கிள்ளான் ஜொஹான் செத்தியா, கோல லங்காட் போன்ற இடங்களின் பிரச்சினை. அங்கே நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, தீ மண்ணுக்குள்ளேயே புகைகிறது.

அளவு தெரியாமல் எழுதுவது

1:25,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 20 அடிக்கு 70 அடி தொடர்வீடு அதில் கால் மில்லிமீட்டர் அகலமும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளமும் கொண்ட புள்ளி. எல்லைக்கோட்டின் தடிமனே உங்கள் வீட்டை மூடிவிடும். 'கோடு என் வீட்டின் மேல் போகிறது' என்று எழுதாமல், லாட் (மனை) எண், முக்கிம் (நிலப் பிரிவு) பெயர், தாள் எண் மூன்றையும் கொடுத்து, லாட் அளவிலான தாளில் கோடு எங்கே விழுகிறது என்று எழுத்தில் உறுதிப்படுத்தக் கேளுங்கள்.

பாகையும் சதவீதமும் ஒன்றல்ல. 25 பாகை என்பது சுமார் 47 சதவீதச் சரிவு. 25 சதவீதம் என்பது 14 பாகைதான். இந்த ஒரு தவற்றால் நல்ல ஆட்சேபமும் தள்ளுபடியாகும். சரிவு எந்தத் தரவிலிருந்து கணக்கிடப்பட்டது என்றும் கேளுங்கள். 30 மீட்டர் கட்டத்தில் எடுத்த ரேடார் உயரம் சிறிய செங்குத்து வெட்டுகளைச் சமன் செய்து மறைத்துவிடும். அடர்மரம் உள்ள இடத்தில் தரைக்குப் பதில் மர உச்சியை ஒட்டிய உயரத்தையே காட்டும். கைப்பேசியின் இருப்பிட எண்ணைப் பழைய நில அளவைத் தாளில் நேரடியாக வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகலாம், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு ஆதாரத்தில் அமைந்தவை.

'நீக்குங்கள்' என்று மட்டும் கேட்பது

நில விலை குறையும் என்ற அச்சத்தில் வகைப்பாட்டையே நீக்கச் சொல்வார்கள். நீக்கிவிட்டால் தீத்தடுப்புப் பாதை, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது வெளியேறும் வழி ஆகியவற்றைக் கேட்கும் பிடியும் போய்விடும். தவறாகக் குறித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சரியாகக் குறித்திருந்தால் நிபந்தனைகளைக் கேளுங்கள்: சாலையின் மிகக் குறுகிய இடத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள், வண்டி திரும்ப இடமுண்டா என்று சொல்லுங்கள். சீரான கட்டடத் துணை விதிகளின் 225-ஆவது விதி, தீயணைப்பு வண்டி அணுகும் இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஹைட்ரன்ட் (தீயணைப்பு நீர்க்குழாய்) இருக்க வேண்டும் என்கிறது. அருகில் உள்ள ஹைட்ரன்ட் எவ்வளவு தூரம் என்று நடந்து அளந்து பாருங்கள்.

ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவது எண்ணிக்கையைக் காட்டும், புதிய தகவல் எதையும் தராது. பத்துக் குடும்பம் பத்து வெவ்வேறு லாட்டைப் பற்றி, தேதியிட்ட படத்தோடும் எந்தத் திசையில் எடுத்தது என்ற குறிப்போடும் எழுதினால் வரைபடம் நிரம்பும். படிவம் மலாயில் இருக்கும். மூத்தவர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லி, அவர்கள் சொல்வதை மலாயில் எழுதிக்கொடுக்க ஓர் இளையவரை அமர்த்துங்கள். எந்த ஆண்டில் எந்தச் சரிவு எரிந்தது என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

படிவத்தில் 'நேரில் விளக்க விரும்புகிறேன்' என்று தெளிவாக எழுதுங்கள். ஆட்சேபங்களை மூவர் குழு விசாரிக்கும். கேட்டவர்களுக்கே அந்த வாய்ப்பு. முத்திரை குத்திய நகலை வாங்கி வையுங்கள். திட்டம் அரசிதழில் வந்ததும் உங்கள் லாட் உள்ள தாளை வரைவுத் தாளோடு பக்கத்தில் வைத்து, கோடும் அறிக்கையின் வாசகமும் எங்கே மாறின என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். திட்டம் மறுஆய்வுக்கு வரும்போது அந்த ஒப்பீடும் முத்திரை நகலும்தான் உங்கள் அடுத்த கருத்தின் முதல் இணைப்புகள்.